ஃப்ளைவீலைக் கடைசலுக்குக் கொடுப்பதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார்களைத் தாமே பிரித்துக் கட்டும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் இம்முறை ஃப்ளைவீலை, அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் பூட்டிச் சுழலும் கனமான சக்கரத்தை, பற்றியவை மிகுதி. எஞ்சின் வேலையில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இந்தச் சக்கரத்துக்குப் பலர் காட்டுவதில்லை. கிளட்ச் உதறும்போதோ ஸ்டார்ட்டர் உறுமும்போதோதான் அதன் நினைவு வருகிறது. ஆகவே ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 1968ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உள்ளது. 948 சிசி எஞ்சினை முழுவதும் பிரித்து, போரிங் செய்து, கிராங்கை கிரைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். ஃப்ளைவீலிலும் இரண்டு மூன்று கிலோ கடைந்து எடுத்துவிட்டால் கார் துள்ளிக்கொண்டு கிளம்பும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– கோவை வாசகர்

பதில்: செய்யலாம், ஆனால் உங்கள் காருக்கும் நீங்கள் ஓட்டும் சாலைகளுக்கும் அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டறையில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை.

ஃப்ளைவீலில் எவ்வளவு எடை குறைந்தது என்பதைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே முக்கியம். சுழலும் பொருளின் நிலைமம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், விளிம்பில் ஒரு கிலோ எடுப்பதும் பாதித் தூரத்தில் நான்கு கிலோ எடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி விளிம்பில் ஒரு கிலோ இரும்பை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மொத்த விகிதம் சுமார் 20:1, டயரின் ஆரம் சுமார் 28 செ.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு கிலோவின் நீக்கம் காரிலிருந்து ஏறத்தாழ 85 கிலோவை, அதாவது நன்றாக வளர்ந்த ஓர் ஆளை, இறக்கிவிட்டதற்குச் சமமாகும். பட்டறையில் சொன்ன துள்ளல் இதுதான். ஆனால் டாப் கியரில் மொத்த விகிதம் சுமார் 5:1 மட்டுமே என்பதால், அதே ஒரு கிலோவின் பயன் அங்கே ஐந்து கிலோவுக்குச் சற்று மேல்தான். அவிநாசி சாலையில் டாப் கியரில் போகும்போது அதை யாரும் உணரப்போவதில்லை. இதில் எஞ்சினின் குதிரைத்திறன் ஓர் இம்மிகூடக் கூடுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கிடைப்பது வேகம் கூடும் சமயத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு சலுகை.

அதற்குக் கொடுக்க வேண்டிய விலை மெதுவான ஓட்டத்தில் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் அரைச்சுற்று சுற்றும் போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ளுகிறது. அடுத்த வெடிப்பு வரும்வரை, எதிரே காற்றை அழுத்திக்கொண்டிருக்கும் பிஸ்டனையும் சேர்த்துச் சுமந்து செல்வது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலே. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்று) இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் 800 ஆர்பிஎம்மில் இருக்கும். ஆகவே எடை குறைந்த ஃப்ளைவீலின் குறை ஐடிலிலும், சிக்னலில் கிளம்பும்போதும், மேட்டில் காரை எடுக்கும்போதும்தான் வெளிப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு வழிவிட்டு நின்று, மறுபடி கிளம்பிப் பாருங்கள். நல்ல எடையுள்ள ஃப்ளைவீல் இருந்தால் சிறிது ஆக்சிலரேட்டரோடு கிளட்சை விட கார் நகரும். எடை போய்விட்ட ஃப்ளைவீல் என்றால் எஞ்சின் நின்றுபோகும், அல்லது நிற்காமலிருக்க நீங்கள் எஞ்சினை உறும வைத்துக் கிளட்சைத் தேய்ப்பீர்கள். கியர் மாற்றும் இடைவெளியில் ஆர்பிஎம் சட்டென்று விழுவதால், மேலே மாற்றும்போது வேகமாக மாற்றினால் இதம். நிதானமாக மாற்றும் பழக்கமுள்ளவருக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குலுக்கல்.

பந்தயத்துக்கோ மலையேற்றப் போட்டிக்கோ என்று தனியாகக் கட்டிய எஞ்சினாக இருந்தால், கேம் ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் அதற்கேற்ப மாற்றி, எப்போதும் உயர்ந்த ஆர்பிஎம்மில் வைத்து ஓட்டுபவருக்கு இந்தப் பேரம் லாபகரமானது. அப்படிச் செய்பவர்களும் பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைவதைவிட எஃகில் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. 28 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு 5000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 73 மீட்டர், அதாவது மணிக்கு 260 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. விளிம்பைப் பிய்த்தெறியப் பார்க்கும் இழுவிசை வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. அதில் ஒரு துளை போட்டாலோ கூர்மையான உள்மூலை விட்டாலோ விரிசல் அங்கேதான் தொடங்கும். அது உடைந்தால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கையும் தளத் தகட்டையும் கிழித்துக்கொண்டு வருமிடம் ஓட்டுநரின் கால். எடையைக் குறைக்கிறேன் என்று வார்ப்பிரும்புச் சக்கரத்தில் வட்டமாகத் துளைகள் போட்டு, அழகாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருந்த ஒரு வாசகருக்கும் இதுவே பதில்: தயவுசெய்து அதை எஞ்சினில் மாட்ட வேண்டாம்.

எங்கள் பேச்சைக் கேட்காமல் கொஞ்சமேனும் குறைத்தே தீருவேன் என்றால், எஞ்சினைப் பார்த்த பக்கத்தில், விளிம்பையொட்டி மட்டும், ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல் வளையமான ரிங் கியர் உட்காரும் இடத்துக்கும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் இறங்கும் இடத்துக்கும் கீழே போதிய கனம் விட்டு, மூலைகளை வளைவாக உருட்டிக் கடையச் சொல்லுங்கள். கடைவதற்கு முன்பும் பின்பும் விரிசல் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனது ஹெரால்டின் ஃப்ளைவீலில் கிளட்ச் உரசும் முகத்தில் நீலத் திட்டுகளும், ஒரு போல்ட் துளையிலிருந்து கிளம்பும் மெல்லிய விரிசலும் உள்ளன. புதுப்பேட்டையில் ஒரு பழைய ஃப்ளைவீல் பார்த்து வைத்திருக்கிறேன். என்னுடையதையே மாதிரியாக வைத்துப் புதிதாக வார்த்துத் தருவதாக ஒரு வார்ப்படச்சாலையில் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து எஃகு ஃப்ளைவீலும் வரவழைக்கலாம். எது சரி?
– சென்னை வாசகர்

பதில்: முதலில் உங்களிடம் இருப்பதை ஒதுக்கிவையுங்கள். உரசும் முகத்தில் ஆரம் ஆரமாகத் தெரியும் மயிரிழைக் கோடுகள் மேலோட்டமானவையாக இருந்தால் கிரைண்டிங்கில் போய்விடும். போல்ட் துளையிலிருந்து புறப்படும் விரிசல் அப்படிப்பட்டதன்று. அதை வெல்டிங் வைத்து மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரிலேயே, சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் ஹெரால்டும், அதன் தொடர்ச்சியாக 1977 வரை கசேலும் உருவானதால், நல்ல பழைய ஃப்ளைவீல் கிடைக்கும் வாய்ப்பு தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆகவே முதல் தேர்வு புதுப்பேட்டைதான். வாங்குமுன் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தெளிவாக ஒலித்தால் மேற்கொண்டு பார்க்கலாம், மந்தமாக ஒலித்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒலி நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காரீய நிறத் தூசு போகக் கழுவி, சாய ஊடுருவல் முறையிலோ காந்தத் துகள் முறையிலோ விரிசல் சோதனை செய்த பிறகுதான் அதற்கு மேல் செலவு செய்ய வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே அளக்க வேண்டியவையும் சில உண்டு. கிராங்கின் பின்முனைத் தட்டான ஃபிளாஞ்சில் உட்காரும் நடுத்துளையின் விட்டம், போல்ட் வட்டத்தின் விட்டம், சக்கரத்தை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் துளையின் இடம், பிரஷர் பிளேட் போல்ட்டுகளின் வட்டம், ரிங் கியரின் பற்கள், ஃபிளாஞ்சில் ஒட்டும் முகத்திலிருந்து கிளட்ச் உரசும் முகம் வரையுள்ள உயரம் ஆகிய இவையனைத்தும் உங்கள் பழைய ஃப்ளைவீலோடு ஒத்துப்போக வேண்டும். கடைசியாகச் சொன்ன உயரத்தைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை. அது மாறினால் ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரமான பினியன் ரிங் கியரைச் சந்திக்கும் இடமும், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தள்ள வேண்டிய தூரமும் சேர்ந்தே மாறிவிடும்.

நீலத் திட்டுகள் சூட்டில் இறுகிப்போன கடினப் புள்ளிகள். லேத்தில் ஃபேசிங் செய்தால் கருவி அந்த இடத்தில் மேலே ஏறி இறங்கி, திட்டு மேடாகவே நின்றுவிடும். ஆகவே கிரைண்டிங் செய்பவரிடமே கொடுங்கள். உரசும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும் சக்கரமானால் முழு முகத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று பள்ளமாகவோ மேடாகவோ இருக்கும் அமைப்பானால், ஒன்றில் எவ்வளவு எடுத்தாரோ அவ்வளவே மற்றதிலும் எடுத்தாக வேண்டும். உரசும் முகத்தை மட்டும் எடுத்துவிட்டால், பிரஷர் பிளேட் அந்த அளவுக்குக் கூடுதலாக முன்னே வர வேண்டியிருக்கும். ஸ்பிரிங்குகள் அதனால் தளரும். புது கிளட்ச் பிளேட் போட்ட காரும் மேட்டில் வழுக்கும்.

வார்த்துத் தருவதாகச் சொல்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உங்கள் பழைய ஃப்ளைவீலையே மணலில் பதித்து அச்செடுக்கப் போகிறாரா? வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், 28 செ.மீ. விட்டத்தில் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. கடைசலுக்கு விட வேண்டிய கனமும் வேறு. எனவே தனியாக, பெரிய அளவில் மர அச்சு செய்தே ஆக வேண்டும். இரண்டாவது, என்ன தரத்தில் இரும்பு ஊற்றப்போகிறார்? இந்தியத் தர நிர்ணயத்தின் எஃப்ஜி 260 தர வார்ப்பிரும்பு என்று எழுத்தில் தந்து, உள்ளே காற்றுப்பொத்தல் இல்லை என்று சோதித்துக் காட்டினால் யோசிக்கலாம். ஒரே ஒரு துண்டுக்காக யாரும் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். அந்தச் செலவில் இஎன்8 எஃகு உருளையில் ஒரு நல்ல கடைசல் பட்டறையில் செய்வித்துக்கொள்வதே பாதுகாப்பானது. அச்சு வேண்டாம், பொத்தல் பயமில்லை. நடுத்துளையும் டவல் துளையும் விளிம்பும் ஒரே பிடிமானத்தில் செய்யப்பட வேண்டும் என்பது மட்டுமே கண்டிப்பு. வெளிநாட்டு எஃகு ஃப்ளைவீலும் தரமானதே, ஆனால் பெரும்பாலும் அது எடை குறைத்த பந்தய வகையாக இருக்கும். மேலே கோவை வாசகருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எனது அம்பாசடர் (1489 சிசி பெட்ரோல்) காரில் ஸ்டார்ட்டர் சில சமயம் நன்றாகச் சுற்றுகிறது, சில சமயம் 'கர்ர்' என்று பல் உரசும் சத்தம் மட்டும் வருகிறது. காரை கியரில் போட்டுச் சற்று முன்னால் தள்ளினால் மறுபடி எடுக்கிறது. எஞ்சின் இப்போது வெளியே இறக்கியிருக்கிறது. ஃப்ளைவீலையே மாற்ற வேண்டுமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது, காற்றை அழுத்த முடியாமல் ஏதாவதொரு பிஸ்டன் தடுத்து நிறுத்துவதால், ஃப்ளைவீல் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் பினியன் பல்லாண்டுகளாக அந்த இரண்டு இடங்களிலேயே போய் மோதியிருக்கிறது. ரிங் கியரைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு இடங்களில் பற்கள் மழுங்கியும் மற்ற இடங்களில் கிட்டத்தட்டப் புதிதாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

புது ரிங் கியர் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், பழையதை உடைக்காமல் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்று திருப்பி மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்; தேய்ந்த இரண்டு பகுதிகளும் எஞ்சின் நிற்காத இடங்களுக்குப் போய்விடும். புதியது போடுவதானால் பழையதில் இரு பற்களுக்கிடையே பாதிவரை துளையிட்டு, உளியால் ஓர் அடி கொடுத்தால் வளையம் பிளந்து கழன்றுவிடும். துளை சக்கரத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உளி அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

ஏற்றும்போது வளையத்தைச் சூடேற்ற வேண்டும், சக்கரத்தையன்று. 28 செ.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 200 டிகிரி சூடு கூடினால் சுமார் 0.6 மி.மீ. விரியும், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கையேடுகள் 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது பரப்பில் வெளிர் நீலம் தோன்றும்வரை சூடேற்றச் சொல்கின்றன. கேஸ் வெல்டிங் சுடரை ஒரே இடத்தில் காட்டிச் சிவக்க வைத்தால் பற்களின் கடினத்தன்மை போய், ஒரே ஆண்டில் மழுங்கிவிடும். சூடான வளையத்தை வைத்ததும் சுற்றிலும் மெல்லத் தட்டி அடிவரை உட்கார்த்துங்கள். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

பற்களின் ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் பினியன் நுழையும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பழைய லூகாஸ் இனெர்ஷியா ஸ்டார்ட்டர்களில் பினியன் மோட்டாரை நோக்கி உள்ளே வரும் வகையும் உண்டு, வெளியே போகும் வகையும் உண்டு. சோலனாய்டு தள்ளும் பிற்கால ஸ்டார்ட்டரை மாட்டியிருந்தால் அதற்குரிய ரிங் கியரும் வேறாக இருக்கலாம். அம்பாசடரின் அதே பி வரிசை எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஜிபி காரில் 1967இன் இறுதியில் ஸ்டார்ட்டர் வகையை மாற்றியபோது ரிங் கியரையும் மாற்றினார்கள். கழற்றுமுன் எந்தப் பக்கம் சரிவு இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

கேள்வி: எனது மொரிஸ் மைனரின் 948 சிசி எஞ்சினுக்குப் பதிலாக 1098 சிசி எஞ்சின் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறேன். கியர்பொக்ஸ் பழையதுதான். பழைய எஞ்சினின் ஃப்ளைவீலையும் கிளட்சையும் இதற்கு மாற்றிப் பூட்டலாமா? பழைய கிளட்ச் எண்ணெய் பட்டு உதறுவதும் வழக்கம்.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: உங்கள் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்த ஏ வரிசை எஞ்சின்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இந்த இடத்தில் வேறுபடுகின்றன. 948க்கு வந்தது 6¼ அங்குல கிளட்ச். 1098க்கு 7¼ அங்குலம். அதற்கேற்ப ஃப்ளைவீலும், கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் மாறின. பெரிய கிளட்சுக்குரிய ஃப்ளைவீலோடு எஞ்சினை உங்கள் பழைய கியர்பாக்ஸின்மேல் பொருத்தப் பார்த்தால் இடம் போதாது, உள்ளே உரசும். பழைய சிறிய கிளட்சைப் பழைய ஃப்ளைவீலோடு பயன்படுத்த வேண்டுமானால், கிராங்க் ஃபிளாஞ்சின் நடு மேடும் போல்ட் வட்டமும் டவலும் இரண்டிலும் ஒன்றா என்று அளந்து உறுதி செய்துகொண்டு பூட்டிப் பார்க்கலாம். ஆனால் 948 எஞ்சின் 37 குதிரைத்திறனும் 50 பவுண்டு-அடி டார்க்கும் தந்தது. 1098 தருவது 48 குதிரைத்திறனும் 60 பவுண்டு-அடியும். நிதானமாக ஓட்டுபவருக்குச் சிறிய கிளட்ச் தாங்கும். நான்கு பேரும் சாமான்களுமாகப் போகிறவருக்கு அது சீக்கிரம் தேயும். முடிந்தால் 1098இன் கியர்பாக்ஸையும் சேர்த்தே தேடுங்கள். ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் மூன்றையும் ஒரே எஞ்சினுக்குரிய தொகுதியாகவே வைத்திருங்கள். ஒன்றிலிருந்து ஒன்று, மற்றொன்றிலிருந்து ஒன்று என்று கலக்க வேண்டாம்.

எண்ணெய்க் கசிவுக்கு ஃப்ளைவீல் பொறுப்பன்று. இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளம் சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தோ, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்தோ எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடினால் அந்தப் பள்ளத்தால் சமாளிக்க முடியாது. ஆகவே புது எஞ்சினைப் பூட்டுமுன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதில் தொங்கும் ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். சொட்டும் எண்ணெய் கிளட்சுக்குப் போகாமல் வெளியேறுவதற்கான வழி அது. ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி எஞ்சினை முதல் முறையாக நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃப்ளைவீலைப் பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டுகிறேன்.
– மதுரை வாசகர்

பதில்: வரிசையில் முதலில் வருவது ஃப்ளைவீலே அன்று. அதைப் பூட்டிவிட்டால் பிறகு கை போகாத பொருள்கள் உண்டு: பின் ஆயில் சீல், எஞ்சினின் பின்பக்கத் தகடு இருக்கும் எஞ்சினானால் அந்தத் தகடு, எண்ணெய்க் குழாய் அடைப்புகள். இவை யாவும் முடிந்தனவா என்று பார்த்துக்கொண்டே சக்கரத்தைத் தூக்குங்கள்.

கிராங்கின் பின்முனைத் துளையில் கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிடுங்கள். துளையில் கிரீஸ் அடைத்து, துளைக்குச் சரியாக நுழையும் ஒரு தண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸ் பின்புறமிருந்து தள்ளிப் பழைய புஷ்ஷை வெளியே கொண்டுவந்துவிடும். நுண்துளை வெண்கலத்தாலான புது புஷ்ஷை முந்தைய நாளே எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டு வையுங்கள். பிறகு அதற்கு கிரீஸ் வேண்டாம். மிகுந்த கிரீஸ் சூட்டில் உருகி கிளட்ச் பிளேட்டில்தான் தெறிக்கும்.

அடுத்தது ஃபிளாஞ்ச். இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கிராங்க் ஃபிளாஞ்சின் முகத்தையும், ஃப்ளைவீலில் அதில் ஒட்டும் முகத்தையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். போல்ட் துளைகளின் விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் தட்டையான எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிடுங்கள். அரம் வேண்டாம். ஃபிளாஞ்சின் ஆரத்தைவிட விளிம்பின் ஆரம் பல மடங்கு இருப்பதால், ஃபிளாஞ்சின் ஓரத்தில் சிக்கிய ஒரு துரும்பின் கனம் விளிம்பில் பல மடங்கு ஆட்டமாகப் பெருகும். கிளட்ச் உதறுகிறது என்று பிளேட், பிரஷர் பிளேட், எஞ்சின் மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றியும் தீராத வண்டிகளில் சில இந்தத் துரும்புக்காகவே உதறுகின்றன.

சக்கரத்தை டவல் பின்னில் சரியாக ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் முழுவதும் திருகிய பின், எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். போல்ட் தளராமல் பிடிக்கும் மடக்குத் தகடுகள் புதியவையாக இருக்க வேண்டும். போல்ட்டின் மரைகள் நீண்டிருந்தால் போல்ட்டுகளும் புதியவையாக வேண்டும். மரையில் பூட்டுப் பசை தடவுவதா, எண்ணெயா, உலர்ந்த நிலையா என்பதைக் கையேடு சொல்வதுபோலவே செய்யுங்கள், ஏனென்றால் எண்ணெய் பட்ட மரை அதே டார்க் அளவில் அதிகமாக நீளும். டார்க் ரெஞ்சின் அளவுகோலைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் பத்மினியின் மூலமான ஃபியட்டின் கையேடு கிலோகிராம்-மீட்டரில் சொல்லும், பிரிட்டிஷ் கார்களின் கையேடு பவுண்டு-அடியில் சொல்லும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 7.2 பவுண்டு-அடி, 40 பவுண்டு-அடி என்றால் ஏறத்தாழ 5.5 கிலோகிராம்-மீட்டர், அல்லது 54 நியூட்டன்-மீட்டர். கிராங்க் சுற்றாமல் பிடிக்க ரிங் கியரின் பல்லில் ஸ்குரூ டிரைவரை முட்டுக்கொடுப்பது பழக்கத்தில் இருக்கிறது. பல் உடைவதற்கு அதுவே காரணம். பிரஷர் பிளேட் துளைகள் இரண்டில் நீண்ட போல்ட் பூட்டி, அவற்றுக்கிடையே ஒரு கம்பியை நுழைத்து உதவியாளரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இறுக்கியதும் டயல் கேஜை எஞ்சின் பிளாக்கில் பொருத்தி, முனையை உரசும் முகத்தின் வெளி ஓரத்தில் வைத்து, கிராங்கை மெல்ல ஒரு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிராங்குக்கு முன்பின்னாக அசையும் எண்ட் பிளே உண்டு. சுற்றும்போது அது நகர்ந்தால் முள் நகரும், நீங்கள் ஃப்ளைவீல் கோணல் என்று நினைப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கிராங்கை ஒரே பக்கமாக, எஞ்சினின் முன்பக்கமாகவே, அழுத்திப் பிடித்துக்கொண்டு படியுங்கள். உங்கள் எஞ்சினின் எல்லையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், 0.003 அங்குலத்துக்குள், அதாவது 0.075 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை என்று நாங்கள் ஒப்புக்கொள்வோம். மிகுந்தால் உடனே கிரைண்டிங்குக்கு ஓடாமல், கழற்றித் துடைத்து மறுபடி பூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் முறை சரியாகிவிடும்.

அதன் பிறகு உரசும் முகத்தைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு, விரல் படாமல் கிளட்ச் பிளேட்டை வையுங்கள். நடுவைப் பிடிக்கப் பழைய கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டே சிறந்த கருவி. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கவர் கோணலாகிவிடும். அரைச்சுற்று அரைச்சுற்றாக, எதிரெதிராகவே இறக்குங்கள்.

கேள்வி: கிராங்கோடு ஃப்ளைவீலையும் சேர்த்துப் பேலன்சிங் செய்ய வேண்டுமா?
– சேலம் வாசகர்

பதில்: வரிசையான நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் மூன்றும் தனித்தனியே சமனாக இருக்கும்படியே ஆலையில் செய்யப்படுகின்றன, ஆகவே முதலில் கிராங்கை மட்டும், அடுத்து ஃப்ளைவீலைச் சேர்த்து, கடைசியாகப் பிரஷர் பிளேட்டையும் சேர்த்து என்று படிப்படியாகச் செய்யச் சொல்லுங்கள். மூன்றையும் ஒன்றாகப் பூட்டி ஒரே முறையில் செய்துவிட்டால், பிற்காலத்தில் கிளட்ச் மாற்றும்போது சமநிலை போய்விடும். செய்து முடிந்ததும் ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நேருக்கு நேராக ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளைவீலைக் கடைந்திருந்தாலோ ரிங் கியரை மாற்றியிருந்தாலோ இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: நான் டல்லாஸில் வசிக்கிறேன். 1967ஆம் ஆண்டு மஸ்டாங் காரில் பழைய 289 வி8 எஞ்சினை எடுத்துவிட்டு, 1986ஆம் ஆண்டுக் காரின் 302 எஞ்சினைக் கட்டிப் பூட்டினேன். பழைய ஃப்ளைவீல் அப்படியே பொருந்தியது. ஆனால் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் கார் முழுவதும் அதிர்கிறது.
– டல்லாஸ் வாசகர்

பதில்: போல்ட் பொருந்தியதால் ஃப்ளைவீலும் பொருந்தியது என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஃபோர்டின் இந்தச் சிறிய வி8 எஞ்சின்கள் மேலே சேலம் வாசகருக்குச் சொன்ன வகையைச் சேர்ந்தவை அல்ல. கிராங்கின் சமநிலையில் ஒரு பகுதி முன்னாலிருக்கும், அதிர்வைத் தணிக்கும் டேம்பரிலும் பின்னாலிருக்கும் ஃப்ளைவீலிலும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒருபக்க எடையால் நிரப்பப்படுகிறது. 289க்கும் பழைய 302க்கும் அந்த அளவு 28 அவுன்சு-அங்குலம். எண்பதுகளின் தொடக்கத்தில் 302க்கு அதை 50 ஆக்கினார்கள். உங்கள் 1986 எஞ்சினுக்கு 50 அளவுள்ள ஃப்ளைவீல் வேண்டும். முன்பக்க டேம்பரும் 50 அளவுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருந்தாலும் அதிர்வு போகாது. வாங்கும்போது பற்களையும் எண்ணுங்கள். இந்த எஞ்சின்களுக்கு 157 பற்களும் 164 பற்களுமாக இரு அளவில் ஃப்ளைவீல்கள் வந்தன. உங்களிடம் இருக்கும் பெல் ஹவுசிங்கும் ஸ்டார்ட்டரும் இவற்றில் எதற்கு உரியனவோ அதையே வாங்க வேண்டும். அதுவரை காரை ஓட்ட வேண்டாம். இந்த அதிர்வு மெயின் பேரிங்குகளைத் தின்றுவிடும்.